இல்லாத கணினிக்கு ஒரு பயாஸ்

பழைய கணினிகளில் பொத்தானை அழுத்தியதும் விண்டோஸ் வருவதற்கு முன்னால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும். நினைவகம் எவ்வளவு, வன்தட்டு எது, விசைப்பலகை இருக்கிறதா இல்லையா என்று ஒரு கணக்கெடுப்பு நடக்கும். சில நொடிகளில் அது மறைந்துவிடும். புதிய கணினிகளில் அந்த இடத்தில் நிறுவனத்தின் சின்னம் மட்டும் தெரிகிறது. பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதே இல்லை.

அந்தச் சில நொடிகளில் வேலை செய்கிற நிரலுக்குப் பெயர்தான் பயாஸ். மின்சாரம் வந்தவுடன் செயலிக்கு எதுவும் தெரியாது. வன்தட்டு என்று ஒன்று இருப்பதுகூடத் தெரியாது. இன்டெல் 8088 செயலிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: நினைவகத்தில் 1 மெகாபைட் எல்லைக்கு 16 பைட் முன்னால் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும், அங்கே என்ன கட்டளை இருக்கிறதோ அதைச் செய்ய வேண்டும். அந்த இடத்தில் தன் நிரலை வைத்திருப்பவர் யாரோ, அவர்தான் கணினிக்கு முதல் கட்டளை இடுபவர்.

இப்படிச் சில்லில் பதித்து வைக்கும் நிரலை வன்பொருள் என்றும் சொல்ல முடியாது, சாதாரண மென்பொருள் என்றும் சொல்ல முடியாது. 1967ல் ஆஷர் ஓப்லர் என்பவர் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்றுக்கு 'ஃபர்ம்வேர்' என்று பெயர் வைத்தார். அவர் முதலில் குறித்தது செயலிக்குள் இருக்கும் நுண்கட்டளைகளை. பின்னாளில் சில்லில் பதித்த எல்லா நிரல்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. தமிழில் நிலைப்பொருள் என்கிறார்கள்.

சரி, சில்லே இல்லாத ஒரு கணினி இருந்தால்? மெய்நிகர் கணினி அப்படிப்பட்டதுதான். ஒரு நிஜக் கணினிக்குள் ஓடிக்கொண்டு, தானும் ஒரு கணினி என்று நடிக்கும் மென்பொருள் அது. அதற்குள் விண்டோஸையோ லினக்ஸையோ நிறுவினால், அவை நிஜக் கணினியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு இயங்கும். அந்தப் போலிக் கணினிக்கும் முதல் கட்டளை வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது? யாருடையது அது? அதில் கை வைக்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்த கதையில் வழக்குகள் உண்டு, ஒரு வைரஸ் உண்டு, கெவின் என்ற பெயரில் இரண்டு பேரும் உண்டு.

மாற்றுவதற்காகவே பிறந்தது

பயாஸ் என்ற பெயரைத் தந்தவர் கேரி கில்டால். கலிபோர்னியாவின் மான்டரே நகரில் உள்ள கடற்படை முதுகலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். இன்டெல் நிறுவனத்துக்கும் ஆலோசகராக இருந்தார். இன்டெல்லின் சிறிய செயலிகளுக்கு நிரல் எழுத வசதியான கணினிகள் அப்போது இல்லை. ஆகவே ஒரு பெரிய கணினிக்குள் அந்தச் செயலியைப் போல நடிக்கும் ஒரு நிரலை எழுதி, அதில் சோதித்துப் பார்த்தார். 1974ல் அவர் எழுதிய சிபிஎம் இயங்குதளத்தின் முதல் அடிகள் இப்படித்தான் வைக்கப்பட்டன. பயாஸுக்குப் பெயர் வைத்தவரே ஒரு போலிக் கணினியில்தான் தொழில் செய்தார் என்பது இந்தக் கதைக்குப் பொருத்தமான தொடக்கம்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. திரை வேறு, வட்டு வேறு. ஒவ்வொன்றுக்கும் முழு இயங்குதளத்தையும் திருத்தி எழுதுவது பெரிய தொல்லை. எனவே கில்டால் வன்பொருளைத் தொடும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்தார். அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு அமைப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்குப் பயாஸ் என்று பெயர் வைத்தார். புதுக் கணினி செய்பவர் அந்தச் சிறு பகுதியை மட்டும் தனக்கேற்றபடி எழுதிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அப்படியே ஓடும்.

அதாவது, பயாஸ் பிறந்ததே மாற்றப்படுவதற்காகத்தான். பூட்டாக மாறியது பிறகு.

எட்டு கிலோபைட் பூட்டு

1981 ஆகஸ்ட் 12ல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்தது. அவசரமாகச் செய்யப்பட்ட கணினி அது. செயலி இன்டெல்லுடையது, இயங்குதளம் மைக்ரோசாஃப்ட்டுடையது. மற்ற பாகங்களில் பலவும் கடையில் கிடைப்பவைதான். யார் வேண்டுமானாலும் அவற்றை வாங்கி அதே போல ஒரு கணினியைச் செய்துவிடலாம். வாங்க முடியாத ஒன்று, ஐபிஎம் எழுதிய 8 கிலோபைட் பயாஸ். அது இல்லாவிட்டால் ஐபிஎம் கணினிக்காக எழுதப்பட்ட நிரல்கள் ஓடாது.

வேடிக்கை என்னவென்றால், ஐபிஎம் அதை ஒளித்து வைக்கவில்லை. தொழில்நுட்பக் கையேட்டிலேயே முழு மூலநிரலையும் அச்சிட்டு விற்றது. பார்ப்பதற்குப் பெருந்தன்மை போலத் தெரியும். ஆனால் அதைப் படித்த ஒருவர் பிறகு தானாக ஒரு பயாஸ் எழுதினாலும் "எங்களுடையதைப் பார்த்து எழுதியது" என்று பதிப்புரிமை வழக்குப் போட முடியும்.

இந்தப் பூட்டை முறைப்படி திறந்த நிறுவனங்களில் பெயர் பெற்றது காம்பேக். 1982ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில் தன் தூக்கிச் செல்லும் கணினியை அறிவித்தது. அதற்குப் பயன்பட்ட வழி எளிமையானது. ஆட்களை இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும். முதல் குழு ஐபிஎம் பயாஸைப் படிக்கும். அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதிக் கொடுக்கும். இரண்டாவது குழு ஐபிஎம் நிரலில் ஒரு வரியைக்கூடப் பார்த்திருக்கக் கூடாது. அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் புதிதாக எழுதுவார்கள். செய்யும் வேலை ஒன்றாக இருக்கும், எழுதிய விதம் சொந்தமாக இருக்கும்.

இந்தச் சிரமத்தை எடுக்காதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஈகிள், கொரோனா ஆகிய நிறுவனங்கள் மீது 1984ல் ஐபிஎம் வழக்குத் தொடர்ந்தது. இரண்டும் சமரசம் செய்துகொண்டு தங்கள் பயாஸை மாற்றி எழுத ஒப்புக்கொண்டன. அதே 1984ல் ஃபீனிக்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் இரண்டு குழு முறையில் எழுதிய பயாஸை யாருக்கு வேண்டுமானாலும் உரிமத்துடன் விற்கத் தொடங்கியது. அதன் பிறகு ஐபிஎம்முக்கு இணையான கணினி செய்வது பெரிய விஷயமாக இல்லை.

பூட்டு உடைந்தது, ஆனால் சாவி பயனரின் கைக்கு வரவில்லை. ஐபிஎம்மிடம் இருந்தது ஃபீனிக்ஸ், அவார்ட், ஏஎம்ஐ என்ற சில நிறுவனங்களின் கைக்குப் போனது. அவ்வளவுதான். கணினியை வாங்கியவருக்கு அதன் முதல் நிரல் இன்னும் மூடிய பெட்டிதான்.

கரணம் தப்பினால் மரணம்

1990களில் பயாஸை அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் சில்லுகளில் வைக்கத் தொடங்கினார்கள். புதிய பதிப்பு வந்தால் சில்லைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு ஃபிளாப்பியில் கோப்பைக் கொண்டுவந்து ஏற்றிக்கொள்ளலாம். வசதிதான். ஆனால் ஏற்றும் நேரத்தில் மின்சாரம் போனால்? தவறான கோப்பை ஏற்றிவிட்டால்? கணினி மீண்டும் எழாது. பயாஸைச் சரிசெய்ய ஒரு நிரலை ஓட்ட வேண்டும், நிரலை ஓட்டப் பயாஸ் வேண்டும். தாய்ப்பலகை வெறும் செங்கல்லாகிவிடும்.

இந்தப் பலவீனம் உலகத்துக்கே தெரிந்தது சிஐஎச் வைரஸால். 1998ல் தைவானைச் சேர்ந்த ஒரு மாணவர் எழுதியது. 1999 ஏப்ரல் 26ல், செர்னோபில் விபத்தின் நினைவு நாளில், அது விழித்துக்கொண்டது. வன்தட்டில் இருந்ததை அழித்ததோடு நிற்கவில்லை. சிலவகைத் தாய்ப்பலகைகளில் பயாஸ் சில்லையும் குப்பையால் நிரப்பியது. அந்தக் கணினிகளைப் பழையபடி ஓட்டச் சில்லையே மாற்ற வேண்டியிருந்தது.

ஆக, 1999 வாக்கில் பயாஸை மாற்ற நினைக்கும் ஒரு மாணவருக்கு முன்னால் இரண்டு சுவர்கள் இருந்தன. ஒன்று சட்டம்: மூலநிரல் கிடைக்காது. இன்னொன்று பணம்: ஒரு தவறு செய்தால் ஒரு தாய்ப்பலகை போச்சு!

சில்லு கோப்பாக மாறியது

மெய்நிகர் கணினி என்ற எண்ணம் புதியதல்ல. ஐபிஎம் தன் பெரிய கணினிகளுக்காக 1967லேயே சிபி-40 என்ற அமைப்பை ஓட்டிப் பார்த்தது. 1972ல் விஎம்/370 என்ற பெயரில் அதன் வழித்தோன்றலை விற்பனைக்கு அறிவித்தது. ஆனால் மேசைக் கணினிக்குள் இன்னொரு மேசைக் கணினி என்பது 1990களில்தான் கைகூடியது.

1994ல் கெவின் லாட்டன் என்பவர் போக்ஸ் என்ற நிரலை எழுதத் தொடங்கினார். ஐபிஎம் வகைக் கணினி ஒன்றை, செயலியின் ஒவ்வொரு கட்டளையையும் நடித்துக் காட்டும் அளவுக்கு, முழுதும் மென்பொருளில் அமைத்தது அது. மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும். 1998ல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் 1999ல் தன் முதல் பொருளை வெளியிட்டது. அது பெரும்பாலான கட்டளைகளை நிஜச் செயலியிலேயே ஓடவிட்டதால் வேகமாக இருந்தது.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று: போலிக் கணினியின் நினைவகத்திலும் அந்த '16 பைட் முன்னால்' இடம் இருக்கிறது, அங்கே ஒரு பயாஸை வைத்தாக வேண்டும். விஎம்வேர் ஃபீனிக்ஸிடம் உரிமம் வாங்கியது. பிற்காலத்தில் அதன் மெய்நிகர் கணினியைத் திறந்தவர்கள், இன்டெல் 440பிஎக்ஸ் சில்லுத்தொகுதி கொண்ட ஒரு தாய்ப்பலகையையும் அதில் ஃபீனிக்ஸ் பயாஸையும் பார்த்தார்கள். ஐபிஎம்மின் பூட்டைத் திறக்க எழுதப்பட்ட நிரலின் வாரிசு, இல்லாத ஒரு தாய்ப்பலகையில் குடியேறிவிட்டது!

இங்கேதான் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. போலிக் கணினியில் சில்லு கிடையாது, சில்லின் இடத்தில் வன்தட்டில் ஒரு கோப்பு இருக்கிறது. விஎம்வேரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால், அது கொடுக்கப்பட்ட பயாஸை விட்டுவிட்டு வேறு கோப்பை எடுத்துக்கொள்ளும். மாற்றியது தவறாகிவிட்டால் சன்னலை மூடிவிட்டுப் பழைய கோப்பை வைத்துத் திறந்தால் முடிந்தது. செங்கல்லாக அங்கே எதுவும் இல்லை.

பணச்சுவர் இடிந்தது. சட்டச்சுவர்?

சோனி எதிர் கனெக்டிக்ஸ்

அதற்கான விடை விளையாட்டுப் பெட்டி ஒன்றின் வழியாக வந்தது. கனெக்டிக்ஸ் என்பது ஆப்பிள் கணினிக்குள் விண்டோஸை ஓட்டும் 'வர்ச்சுவல் பிசி' மென்பொருளைச் செய்த நிறுவனம். 1998ல் அதன் பொறியாளர்கள் இன்னொரு வேலையைக் கையில் எடுத்தார்கள். சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை மேக் கணினியில் ஓட்ட வேண்டும். அதற்குப் பிளேஸ்டேஷன் போல நடிக்கும் கணினி வேண்டும், அந்தக் கணினிக்குப் பிளேஸ்டேஷனின் பயாஸ் வேண்டும்.

கடையில் ஒரு பிளேஸ்டேஷன் வாங்கினார்கள். அதன் சில்லிலிருந்து பயாஸை நகலெடுத்தார்கள். தங்கள் போலி வன்பொருள் சரியாக நடிக்கிறதா என்று பார்க்க, அந்த நகலையே அதில் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு அதே வேலைகளைச் செய்யும் சொந்தப் பயாஸ் ஒன்றை எழுதி, விற்பனைக்கு வந்த மென்பொருளில் அதை மட்டும் வைத்தார்கள். சோனியின் நிரல் அதில் இல்லை.

1999 ஜனவரியில் அது மேக்வேர்ல்டு கண்காட்சியில் காட்டப்பட்டது. அதே மாதம் சோனி வழக்குத் தொடர்ந்தது. வெளியே வந்த பொருளில் எங்கள் நிரல் இல்லாவிட்டாலும், ஆராய்ச்சி நேரத்தில் பலமுறை நகலெடுத்தார்களே, அது பதிப்புரிமை மீறல் அல்லவா என்பது சோனியின் வாதம். காம்பேக் காலத்து இரண்டு குழு முறையும் இங்கே பின்பற்றப்படவில்லை. கீழ் நீதிமன்றம் சோனிக்குச் சாதகமாக விற்பனைக்குத் தடை விதித்தது.

2000 பிப்ரவரியில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஒரு நிரல் எப்படி வேலை செய்கிறது என்ற கருத்தைப் பதிப்புரிமை காப்பதில்லை, எழுதப்பட்ட வடிவத்தை மட்டுமே அது காக்கிறது. அந்தக் கருத்தை அறிய நகலெடுப்பதைத் தவிர வழியில்லை என்றால், அப்படி இடையில் எடுக்கும் நகல் நியாயமான பயன்பாடு. இதுதான் தீர்ப்பின் சாரம். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

வழக்கில் தோற்ற சோனி 2001ல் அந்த மென்பொருளையே விலைக்கு வாங்கி விற்பனையை நிறுத்திவிட்டது. பொருள் போய்விட்டாலும் தீர்ப்பு நின்றது. இல்லாத கணினிக்குச் சொந்தமாகப் பயாஸ் எழுதலாம் என்பது உறுதியானது.

இரண்டு கெவின்கள்

கெவின் லாட்டனின் போக்ஸ் முதலில் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டிய மென்பொருளாக இருந்தது. 2000ல் மாண்ட்ரேக் என்ற பிரெஞ்சு லினக்ஸ் நிறுவனம் அதை வாங்கித் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டது. அதனுடன் வந்த பயாஸின் மூலநிரலும் திறந்திருந்தது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், மற்றவர்களுக்குத் தரலாம்.

2003ல் ஃபாப்ரிஸ் பெல்லார் கியூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினியை வெளியிட்டபோது, பயாஸுக்காக யாரிடமும் உரிமம் கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. போக்ஸின் பயாஸை எடுத்துக்கொண்டார். 2007ல் திறந்த மூலமாக வெளிவந்த வர்ச்சுவல்பாக்ஸும் அதே பயாஸிலிருந்துதான் தன்னுடையதை உருவாக்கியது. ஒருவர் எழுதிய பயாஸ் இப்படிப் பல போலிக் கணினிகளில் ஓடத் தொடங்கியது.

ஆனால் அந்த நிரலைத் திருத்துவது எளிதாக இல்லை. 16 பிட் காலத்துப் பழைய சி தொகுப்பியை நம்பியிருந்தது அது. 2008 வாக்கில் கெவின் ஓ'கானர் என்ற இன்னொரு கெவின், லினக்ஸ் உலகில் எல்லோரும் பயன்படுத்தும் ஜிசிசி தொகுப்பிக்கு ஏற்றபடி அதை மாற்றி எழுதினார். அதுதான் சீபயாஸ். 2009 டிசம்பரில் வந்த கியூஇஎம்யூ 0.12 பதிப்பு முதல் சீபயாஸே அதன் வழக்கமான பயாஸ் ஆனது.

இதனால் என்ன பயன்? நிஜத் தாய்ப்பலகையில் பயாஸ் பாதியில் நின்றுவிட்டால் சில பீப் ஒலிகள்தான் துப்பு. கூடுதலாகப் பிழை எண்ணைக் காட்டும் ஒரு சிறு அட்டையைச் செருகலாம். கியூஇஎம்யூவில் அப்படியில்லை. மூலநிரலில் ஒரு வரியை மாற்றித் தொகுத்தால் ஒரு கோப்பு கிடைக்கும். கியூஇஎம்யூவைத் தொடங்கும்போது அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். பயாஸ் தான் செய்வதையெல்லாம் ஒரு வரி விடாமல் எழுதிக் காட்டும். பிழைதிருத்தியை இணைத்தால் செயலியின் முதல் கட்டளையிலேயே நிறுத்தி, ஒவ்வொரு அடியாக நகர்த்திப் பார்க்கலாம். ஐபிஎம் கையேட்டைப் படிக்கவே பயந்த காலத்திலிருந்து 25 ஆண்டுகளில் இவ்வளவு தூரம்!

போலியிலிருந்து நிஜத்துக்கு

கதையின் எதிர்பாராத திருப்பம் இதற்குப் பிறகுதான். 1999ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிச் லினக்ஸ்பயாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஏராளமான கணினிகளை ஒன்றாக இணைத்து ஓட்டும் இடம் அது. அங்கே ஒரு கணினி "விசைப்பலகை இல்லை, எஃப்1 அழுத்தவும்" என்று நின்றுவிட்டால் எப்படி இருக்கும்? ஒவ்வொன்றாக ஓடிப்போய் அழுத்த முடியுமா? நிறுவனங்களின் மூடிய பயாஸை எடுத்துவிட்டு, வேகமாகவும் பிழைகளை அறிவோடு கையாண்டும் தொடங்கும் திறந்த நிரலை நிஜத் தாய்ப்பலகைகளில் வைப்பதுதான் நோக்கம். 2008ல் இதன் பெயர் கோர்பூட் என்று மாறியது.

கோர்பூட் வன்பொருளை எழுப்பிவிடும். ஆனால் பழைய இயங்குதளங்கள் எதிர்பார்க்கும் பயாஸ் சேவைகள் அதில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியது சீபயாஸ். கோர்பூட் வன்பொருளைத் தயார் செய்துவிட்டுச் சீபயாஸிடம் ஒப்படைக்கும், சீபயாஸ் இயங்குதளத்தைத் தொடங்கும். 2013ல் கூகுள் வெளியிட்ட குரோம்புக் பிக்சல் மடிக்கணினியில் சீபயாஸ் உள்ளேயே வைக்கப்பட்டிருந்தது.

இல்லாத கணினிக்காக எழுதிய பயாஸ், கையால் தொடக்கூடிய கணினிக்குள் போய்விட்டது. போலிக் கணினியில் தவறு செய்து கற்றுக்கொள்ள முடிந்ததால்தான் இது நடந்தது எனலாம்.

நாணயத்தின் மறுபக்கம்

எளிதாக மாற்றலாம் என்றால் எல்லோரும் நல்லதற்கே மாற்றுவார்களா? 2007ல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா, பெரிய நிறுவனங்களின் கணினிகளை அவற்றின் பயாஸில் இருக்கும் ஓர் அட்டவணையை வைத்து அடையாளம் கண்டுகொண்டது. அது பொருந்தினால் தனியாகச் செயலாக்கம் கேட்காது. உடனே அந்த அட்டவணையைத் தங்கள் பயாஸில் திருட்டுத்தனமாகச் சேர்க்க ஒரு கூட்டம் கிளம்பியது. நிஜத் தாய்ப்பலகையில் அப்படிச் செய்தவர்களுக்குச் செங்கல் பயம் இருந்தது. மெய்நிகர் கணினியில் அந்தப் பயமும் இல்லை.

அதே வசதிக்கு நேர்மையான பயனும் உண்டு. வர்ச்சுவல்பாக்ஸில் பயாஸ் காட்டும் நிறுவனப் பெயர், மாதிரிப் பெயர் ஆகியவற்றை மாற்ற முறையான வழி இருக்கிறது. வைரஸ்களை ஆராய்பவர்களுக்கு இது மிகவும் தேவை. பல வைரஸ்கள் முதலில் பயாஸின் பெயரைப் பார்க்கும். மெய்நிகர் கணினியின் பெயர் தெரிந்தால், ஆய்வகத்தில் இருக்கிறோம் என்று புரிந்துகொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளை போல் அமைதியாக இருந்துவிடும். ஆராய்பவர் அந்தப் பெயரை மாற்றி வைத்தால்தான் அது தன் சுயரூபத்தைக் காட்டும். கத்தி ஒன்றுதான், காய் நறுக்குவதும் கழுத்தை அறுப்பதும் பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது.

மீண்டும் ஒரு சிறு பூட்டு

பயாஸின் இடத்தை மெல்ல மெல்ல யூஇஎஃப்ஐ என்ற புதிய நிலைப்பொருள் பிடித்துக்கொண்டது. இன்டெல் அதன் முன்னோடியின் முக்கியப் பகுதியை 2004ல் டியானோ என்ற பெயரில் திறந்த மூலமாக வெளியிட்டது. அதிலிருந்து மெய்நிகர் கணினிகளுக்காக உருவானது ஓவிஎம்எஃப். நிஜத் தாய்ப்பலகையைத் தொடாமல் யூஇஎஃப்ஐ நிரல் எழுதிப் பழகவும், பாதுகாப்பான தொடக்கத்துக்குரிய சாவிகளைச் சொந்தமாகப் போட்டுப் பார்க்கவும் அது இடம் கொடுத்தது.

ஆனால் அதற்குள் ஒரு சின்ன முள் இருந்தது. ஃபேட் வகை வட்டுகளைப் படிக்கும் சிறு பகுதியை யூஇஎஃப்ஐ வேலைக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று அதன் உரிமம் சொன்னது. எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதுதான் திறந்த மூலத்தின் அடிப்படை. ஆகவே ஃபெடோரா போன்ற லினக்ஸ் வெளியீடுகள் ஓவிஎம்எஃப்பைத் தங்கள் வழக்கமான தொகுப்பில் சேர்க்க முடியாமல் இருந்தன. மற்றதெல்லாம் திறந்திருந்தும் ஒரு மூலையால் முழுதும் மூடியது போலாயிற்று. 2016ல் அந்தப் பகுதிக்குக் கட்டுப்பாடில்லாத உரிமம் கிடைத்த பிறகே அந்த முள் அகன்றது.

இப்போது கேள்வி தலைகீழ்

ஐபிஎம் காலத்தில் பயனரின் கேள்வி, "இதை நான் மாற்றலாமா?" என்பது. இன்று மெய்நிகர் கணினிகள் சொந்த மேசையில் மட்டும் ஓடுவதில்லை. மேகக் கணினி நிறுவனங்களின் கட்டடங்களில் அவை வாடகைக்கு ஓடுகின்றன. வாடகைக்கு எடுத்தவரின் இயங்குதளம், தரவு, கடவுச்சொற்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கணினியின் முதல் நிரல் வீட்டுக்காரரின் வன்தட்டில் ஒரு கோப்பு. மாணவர் ஒருவர் ஒரு வரியில் மாற்றிய அதே கோப்பை வீட்டுக்காரரும் ஒரு வரியில் மாற்றலாம். வீட்டுக்காரரின் கணினிக்குள் புகுந்த திருடரும் மாற்றலாம். எனவே இன்றைய கேள்வி, "இதை வேறு யாரும் மாற்றவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்பது.

இதற்கு ஒரு விடையாக ஏஎம்டி 2017ல் தன் எபிக் செயலிகளில் எஸ்இவி என்ற வசதியைக் கொண்டுவந்தது. மெய்நிகர் கணினியின் நினைவகத்தை வீட்டுக்காரருக்கும் புரியாதபடி குறியாக்கம் செய்வதோடு, தொடங்கும் நேரத்தில் உள்ளே வைக்கப்பட்ட நிலைப்பொருளுக்குச் செயலியே ஒரு கைரேகை எண்ணைக் கணக்கிடும். நிரலில் ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். வாடகைக்கு எடுத்தவர் அந்த எண்ணைத் தன்னிடம் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் தன் வட்டின் சாவியைக் கொடுக்கலாம்.

அப்படியானால் மறுபடியும் பூட்டா? ஒரு வகையில் ஆம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஐபிஎம்மின் பூட்டு செய்தவரின் நன்மைக்காக இருந்தது. இது பயன்படுத்துபவருக்காக இருக்க முடியும். ஒரே ஒரு நிபந்தனைதான்: நிலைப்பொருளின் மூலநிரல் திறந்திருக்க வேண்டும். மூலநிரல் கையில் இருந்தால், அதைப் படித்து, தானே தொகுத்து, எந்தக் கைரேகை வர வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். வாடகைக்கு விடுபவர் தன் நிலைப்பொருளைக் காட்ட மறுத்தால், அந்தக் கைரேகை வெறும் எண்தான். எதை ஒப்பிட்டோம் என்றே தெரியாமல் ஒப்பிட்டதாகிவிடும்.

போக்ஸிலும் சீபயாஸிலும் பல ஆண்டுகள் செலவிட்டவர்களின் உழைப்பு இங்கேதான் பயன்படுகிறது. மாற்றும் உரிமைக்காகத் திறக்கப்பட்ட நிரல்தான், மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யவும் தேவைப்படுகிறது. படிக்க முடியாத நிரலைத் திருத்தவும் முடியாது, நம்பவும் முடியாது.

மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று கில்டால் தனியாகப் பிரித்து வைத்த சிறு பகுதி அது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. கணினி தொடங்கும் அந்தச் சில நொடிகளில் முதல் கட்டளை யாருடையது என்ற கேள்வி மட்டும் இன்னும் முடியவில்லை.